ஏரி காயட்டும், வண்டல் வயலுக்கு வரட்டும்

வெளியூரிலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு வருகிறவர்கள் பொன்னியின் செல்வனைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை எது, எங்கே நின்று பார்க்கலாம் என்பார்கள். கையைக் காட்டுவோம். போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். உள்ளூர்க்காரர்கள் டீக்கடையில் கேட்பது வேறு கேள்வி: "ஏரி எத்தனை அடிப்பா?"

நிறைந்தால் 47.50 அடி. எங்கள் வட்டாரத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இந்தக் கணக்கு தெரியும். 45 என்றால் நாற்றங்கால் வேலை தொடங்கும். நடவு நடந்தால் கூலி புரளும். கூலி புரண்டால்தான் கடைவீதியில் துணிக்கடைக்காரர் முகம் மலரும். 40க்குக் கீழே இறங்கினால் டீக்கடையில் பேச்சே குறைந்துவிடும். வளைகுடாப் பணம் வருகிற லால்பேட்டையிலும் கொடிக்கால் வெற்றிலை இந்தத் தண்ணீரை நம்பித்தான் துளிர்க்கிறது. விடியற்காலையில் வலையோடு ஏரிக்குள் இறங்குகிறவர்கள் கொண்டுவரும் கெண்டையும் விராலும்தான் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு. கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே கரையில் கேட்கிற ஊர்கள் இவை.

இந்த ஏரி முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டப்பெயர். வீரநாராயண ஏரிதான் மக்கள் வாயில் வீராணம் ஆனது. ஊரில் உள்ள பெருமாளும் வீரநாராயணப் பெருமாள்தான். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்தது இங்கே. பக்கத்துத் திருநாரையூரில் பிறந்தவர் திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி. சைவத்துக்கும் வைணவத்துக்கும் சிதறிக் கிடந்த பாட்டையெல்லாம் தேடிச் சேர்த்த இரண்டு பேரும் இந்த வட்டாரத்துக்காரர்கள். உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைப் பற்றிச் சொல்வதால் பேர்பெற்றது. படித்துப் பார்த்தால் அதுவும் நிலக்கணக்குதான். எங்கள் ஊரில் கொலைவழக்குகூட நிலத்தில்தான் வந்து முடியும்!

பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. ஆயிரம் ஆண்டு தாண்டிய ஒரு ஏரி எப்படி உயிரோடு இருந்தது என்று கேட்கத்தான். பதில் ரொம்ப எளிது. வருஷாவருஷம் மக்கள் அதற்குள் இறங்கி மண் எடுத்தார்கள்.

என் அப்பா எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். சித்திரையில் ஏரி ஓரம் வெடித்துக் கிடக்கும். விடியறதுக்கு முன்னாடியே மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார். வெயில் ஏறுவதற்குள் மூன்று நடை, சாயந்திரம் ஒரு நடை. வயலில் குவியல் குவியலாகத் தட்டி வைப்பார். நாங்கள் பிள்ளைகள் அதைக் கலைத்துப் பரப்புவோம். கோடை மழை ஒன்று விழுந்ததும் உழவு. அந்த வண்டலில் களிமண்ணும் மக்கிய தழையும் மீன் கழிவும் பறவை எச்சமும் எல்லாம் சேர்ந்திருக்கும். "இது ஏரி போடுற எரு, காசு கேக்காது"ன்னு சொல்வார்.

அப்புறம் யூரியா வந்தது. ஒரு மூட்டையை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். வண்டலுக்கு மாடு வேண்டும், வண்டி வேண்டும், முதுகு வேண்டும். வண்டியை விற்றோம், மாட்டையும் விற்றோம். ஏரி மேடிட்டதற்கு அரசாங்கத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பாதிக் குற்றம் நம்முடையது. இயற்கை விவசாயத்துக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

ஏரிக்குத் தண்ணீர் இரண்டு பக்கமிருந்து வருகிறது. கொள்ளிடத்தில் 1836இல் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருவது ஒன்று. மழைக்காலத்தில் மேற்கே அரியலூர், செயங்கொண்டம் பக்கமிருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக வருவது இன்னொன்று. ஓடைத் தண்ணீர் மேட்டு நிலத்து மண்ணை வாரிக்கொண்டு வரும். அது ஏரியில் படியும். மண் ஏற ஏறத் தண்ணீருக்கு இடம் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் கூடுதலாக மழை பெய்தாலும் உபரியை வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிட வேண்டியிருக்கிறது. திருநாரையூர்ப் பக்கம் நட்ட பயிர் முழுகுகிறது. அதே ஊர்க்காரர்கள் தை மாசம் கதிர் முற்றும்போது தண்ணீர் இல்லை என்று நிற்கிறார்கள். வெள்ளமும் வறட்சியும் ஒரே வயலில், ஒரே போகத்தில்!

இதில் சென்னைக் குடிநீரும் சேர்கிறது. 1970களில் தொடங்கிய திட்டம் பாதியில் நின்று, ஆளுயரக் குழாய்கள் ரோட்டோரம் வருஷக்கணக்கில் கிடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2004இல் புதிய வீராணம் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் போகிறது தண்ணீர். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எந்த உழவனும் சொல்ல மாட்டான். என் தங்கை குடும்பமே அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்காகக் கோடையிலும் ஏரியில் தண்ணீரைத் தேக்கியே வைக்கப் பார்க்கிறார்கள். காயாத ஏரியில் வண்டி இறங்குமா? ஒரு கறவை மாட்டைக்கூட வருஷத்தில் சில மாசம் மடி வற்ற விடுகிறோம். ஏரிக்கும் அந்த ஓய்வு வேண்டும்.

மண்ணெடுப்பது பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்கு வண்டல் பரப்ப 3,630 கன அடி மண் வேண்டும். 100 கன அடி ஒரு யூனிட் என்றால் 36 யூனிட். அந்த மண் வெளியேறினால் ஏரியில் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடம் கிடைக்கும். வீராணத்தின் ஆயக்கட்டு ஏறத்தாழ 45,000 ஏக்கர். அதில் 10,000 ஏக்கர்காரர்கள் ஒரு கோடையில் ஓர் அங்குலம் போட்டாலே 3.63 கோடி கன அடி. ஏரியின் கொள்ளளவு 146.5 கோடி கன அடி. ஆக, நாற்பதில் ஒரு பங்கு இடம் ஒரே கோடையில் மீளும். அதனால் சென்னைக்கும் லாபம்தான்.

போன முறை நான் வண்டல் எடுக்க அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். சிட்டா, அடங்கல், வரைபடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். "அடுத்த வாரம் வாங்கய்யா" என்றார்கள். நாலாவது அடுத்த வாரத்தில் வடவாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அதே நேரத்தில் பல ஊர்களில் வண்டல் என்ற பேரில் மண் செங்கல் சூளைக்கும் மனைக்கட்டுக்கும் போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதற்கு வழி நம்ம வரலாற்றிலேயே இருக்கிறது. இதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. அதில் ஏரி வாரியம் என்று தனி வாரியம் உண்டு. பதவி 360 நாள். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் மறுபடி நிற்க முடியாது. இன்றைக்கும் பாசன அமைப்புகளை உழவர்களே நிர்வகிக்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இருப்பது மதகடிக்கு வர வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. உத்திரமேரூர்ச் சபை நிலமுள்ள அந்தணர்களின் சபை. ஏரி வெட்டிய கைக்கு அதில் இடமில்லை. தீண்டாமையை ஆராய 1965இல் நடுவண் அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய எல். இளையபெருமாள் எங்கள் காட்டுமன்னார்கோயில் மண்ணைச் சேர்ந்தவர். அவர் பிறந்த மண்ணில் பழைய வாரியத்தை அப்படியே திரும்பக் கேட்டால் அது அவருக்கே அவமானம். நமக்கு வேண்டிய ஏரி வாரியத்தில் மீன்பிடிக்கிறவர், நடவு நடுகிற பெண்கள், நிலமில்லாத கூலிக்காரர், கடைமடைக்காரர் எல்லோரும் உட்கார வேண்டும். கணக்கை ஊர் நடுவில் படிக்க வேண்டும்.

என் கோரிக்கை இவ்வளவுதான். ஏரி முழுக்க ஒரே சமயத்தில் காய வேண்டாம். மேற்குக் கரையோரம் தண்ணீர் முதலில் வற்றுகிற மேட்டுப் பகுதியைப் பங்கு பிரித்து, சித்திரை, வைகாசி இரண்டு மாசம் உழவர்களுக்குத் திறந்துவிடுங்கள். அடங்கலில் பேர் இருந்தால் போதும், குத்தகைக்காரரானாலும் சரி. எத்தனை நடை போனது, எந்த வயலுக்குப் போனது என்று வாரியம் எழுதி வைக்கட்டும். சூளைக்குப் போகிற வண்டியை ஊரே மறிக்கும்.

உழவர்களுக்கும் ஒரு வார்த்தை. இனாமாகக் கிடைக்கிறது என்று அரையடி உயரத்துக்குக் கொட்டாதீர்கள். நம்ம நிலம் ஏற்கெனவே களி. ஓர் அங்குலம் போதும். தொழுவுரத்தோடு கலந்து போட்டு, உழுது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். சாக்கடை கலக்கிற இடத்து மண்ணைத் தொடாதீர்கள். மணற்பாங்கான நிலத்துக்கும் கொடிக்காலுக்கும் முதலில் கொடுங்கள். அங்கேதான் பலன் கண்ணுக்குத் தெரியும். போன வருஷம் பக்கத்து ஊர்க் குட்டையிலிருந்து அரை ஏக்கருக்கு அடித்தேன். அந்த அரை ஏக்கர் கிச்சிலிச் சம்பா, தண்ணீர் ஒரு வாரம் தள்ளிப்போனபோதும் வாடவில்லை.

வீட்டில் அப்பாவின் வண்டிச் சக்கரம் ஒன்று இன்னும் மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. பூட்ட மாடு இல்லை. டிராக்டர் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, ஓட்டப் பையன் இருக்கிறான். சித்திரையில் ஏரி வழிவிட்டால் முதல் நடை எங்கள் தெருவிலிருந்து கிளம்பும்.