பீரங்கி வெடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம்!

நாலு பேர், ஒரு மேஜை, ரெண்டு தாயக்கட்டை. ஒருத்தர் ஆரம்பிக்கிறார்: ''ராத்திரி மணி ரெண்டு. முதுநகர் துறைமுகத்துல விளக்கே இல்லாம ஒரு படகு நிக்குது. உள்ளே யாரோ இருமுற சத்தம். நீங்க என்ன பண்றீங்க?'' எதிர்ல உக்காந்திருக்கறவங்க சொல்ற பதில்தான் அடுத்த சீன். அது பலிக்குமா, சொதப்புமான்னு கட்டையை உருட்டி முடிவு பண்ணுவாங்க. டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம்ங்கறது இவ்வளவுதான் பாஸ்!

கதையை நடத்துறவர் கேம் மாஸ்டர். சுருக்கமா ஜி.எம். நம்ம ஊர் தெருக்கூத்துல வர்ற கட்டியங்காரனுக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கங்க. ஆனா, கூத்துல கர்ணன் விடியறதுக்குள்ள செத்தே ஆகணும். இங்கே கர்ணனா உக்காந்திருக்கற பொண்ணு, ''கவச குண்டலமா? தர மாட்டேன், போய்யா!''ன்னு சொல்லிட்டா ஜி.எம். முழிக்கணும்!

இந்த மாதிரி ஒரு ஆட்டத்தை நாமளே எழுதி, நாமளே ஜெராக்ஸ் போட்டு, காலேஜ் சிம்போசியத்துல விக்க முடியுமா? முடியும். இந்த ஆட்டம் பொறந்த விதமே கிட்டத்தட்ட அப்படித்தான்.

அமெரிக்காவுல லேக் ஜெனீவான்னு ஒரு சின்ன ஊர். அங்கே கேரி கைகேக்ஸ்னு ஒரு இன்ஷூரன்ஸ்காரர். 1968-ல ஊர்ல இருந்த ஒரு ஹாலை 50 டாலருக்கு வாடகைக்குப் பிடிச்சு, தலைக்கு ஒரு டாலர் டிக்கெட் வச்சு, போர் விளையாட்டு பைத்தியங்களை எல்லாம் கூட்டினார். வந்தது சுமார் நூறு பேர். அதுக்குப் பேர் ஜென் கான். ரெண்டு வருஷம் கழிச்சு மனுஷனுக்கு வேலை போச்சு. வீட்டுலயே செருப்பு தைச்சுக் கொடுத்துப் பொழைச்சார். 1974-ல டேவ் ஆர்னசனோட சேர்ந்து எழுதின 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை, நண்பர்களோட தானே ஆரம்பிச்ச கம்பெனியில வெளியிட்டார். ஆயிரம் பெட்டி, கையாலயே அடுக்கினது, விலை 10 டாலர். அதே ஜென் கானுக்கு 2023-ல வந்தவங்க 70,000 பேருக்கு மேல!

கூட்டம் பெருகினா ஸ்டால் வாடகையும் எகிறும்ல? 2000-களோட தொடக்கத்துல, ரான் எட்வர்ட்ஸ் மாதிரி சொந்தமா ஆட்டம் எழுதி வெளியிட்ட ஆளுங்க அங்கே ஒரே ஸ்டாலைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. புக்கை அடுக்கி வச்சுட்டு வாயைப் பார்த்து நிக்கலை. வந்தவங்களை உக்கார வச்சு, சட்டுனு ஒரு குட்டி ஆட்டம் ஆடிக் காட்டினாங்க.

அதோட அருமை கணக்குப் போட்டாத்தான் தெரியும். சிம்போசியம் காலையில பத்து டு சாயங்காலம் அஞ்சு. லஞ்ச் போக ஆறு மணி நேரம். முழு ஆட்டம் மூணு மணி நேரம்னா ரெண்டே ஆட்டம், எட்டே பேர். பதினஞ்சு நிமிஷ ஆட்டம், ஆள் மாற அஞ்சு நிமிஷம்னா பதினெட்டு ஆட்டம், 72 பேர். தொண்டை தாங்காது, பாதியா வைங்க. அப்பவும் 36 பேர்!

ரூல்ஸ் எழுத 300 பக்கம் தேவையில்லை. ஜான் ஹார்ப்பர் 2013-ல வெளியிட்ட 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' ஒரே ஒரு பக்கம்தான். உங்க கேரக்டருக்கு ஒரே ஒரு நம்பர், ரெண்டுல இருந்து அஞ்சுக்குள்ள. மூளையால செய்ற வேலைன்னா அதுக்குக் கீழே விழணும். மனசால செய்ற வேலைன்னா மேலே விழணும். முடிஞ்சது ரூல்ஸ். கிராண்ட் ஹோவிட்டோட 'ஹனி ஹைஸ்ட்'ல நீங்க எல்லாரும் கரடி, தேன் திருடப் போறீங்க. அதுவும் ஒரே பக்கம்தான்!

பகடைக்கு எங்கே போறதுன்னு யோசிக்காதீங்க. இருபது முகப் பகடையை ஆன்லைன்ல வாங்கறதை விட, பாட்டி வீட்டுப் பரண்ல கிடக்கற தாயக்கட்டை மேல். (சென்னையில வினிதா சித்தார்த்தா 2002-ல ஆரம்பிச்ச 'க்ரீடா' நம்ம பழைய ஆட்டங்களையே பெட்டியில போட்டு வித்துக்கிட்டு இருக்கு. அதனால 'நம்ம ஊர் ஆட்டத்தை எவன் வாங்குவான்?'னு கேக்காதீங்க!) ஒரு கட்டையில வெறுமை, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நாலு முகம். ரெண்டு கட்டைக்கு மொத்தம் 16 விதம். தாயம், அஞ்சு, ஆறு, பன்னெண்டு விழறது 16-ல ஆறு. அது மட்டும்தான் ஜெயிப்புன்னு வச்சா, கால் மணி நேரத்துல தோத்துத் தோத்தே பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிடுவாங்க. அதனால மூணு விழுந்தா 'ஜெயிச்சாச்சு, ஆனா கூடவே ஒரு வில்லங்கம்'னு வைங்க. அது 16-ல நாலு. மிச்சம் ரெண்டும் நாலும் தோல்வி, அது ஆறு. ஆட்டத்தை நகர்த்துறது அந்த வில்லங்கம்தான். பூட்டு திறந்துடுச்சு, ஆனா நாய் குரைக்குது!

கதைக்கும் டிராகனைத் தேடி அலையாதீங்க. 1690-ல நம்ம தேவனாம்பட்டினம் கோட்டையை, செஞ்சியில இருந்த மராட்டியர்கிட்ட இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கிச்சு. கோட்டை மட்டும் இல்லை. கோட்டையில இருந்து பீரங்கியைச் சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ, அது வரைக்கும் உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்கு! நிஜமாவே நாலா பக்கமும் சுட்டு எல்லை குறிச்சாங்க. குண்டு கிராமங்கள்னு பேரே வந்துச்சு. பெரியார் அரசு கலைக் கல்லூரியில படிக்கிறவங்க அந்தக் குண்டு பாஞ்ச மண்ணுலதான் தினமும் அட்டெண்டன்ஸ் கொடுக்கறாங்க!

இப்போ ஆட்டம் ரெடி. நாளைக்குக் காலையில பீரங்கி வெடிக்கப் போகுது. ஒருத்தர் நெசவாளி, ஒருத்தர் படகுக்காரர், ஒருத்தர் கம்பெனியோட துபாஷி, இன்னொருத்தர் பீரங்கிக்கு மருந்து இடிக்கற ஆள். இவங்க நாலு பேரும் நம்ம கற்பனை. உங்க ஊர் யார் கைக்குப் போகணும்? கையில இருக்கறது ஒரு ராத்திரி. மருந்தை நனைப்பீங்களா, பீரங்கிக்காரனைக் கள்ளு வாங்கிக் கொடுத்துக் கவுப்பீங்களா? 'குண்டு எங்க ஊர்லயே விழட்டும், பழைய ராஜா வரியை விட இது தேவலை'ன்னு ஒருத்தர் சொல்வார் பாருங்க... அங்கேதான் மேஜையே ரெண்டாகும்!

ஒரு விஷயத்துல மட்டும் விளையாட்டு வேணாம். முன்பின் தெரியாதவங்களை உக்கார வச்சுக் கதை சொல்றீங்க. நம்ம மாவட்டத்துல கடல் பொங்குது, காத்து கூரையைப் பிய்க்குதுன்னு சும்மா ஒரு த்ரில்லுக்காகச் சொல்லிட முடியாது. 2004 டிசம்பர் 26 இருக்கு. 2011-ல தானே புயல் இருக்கு. எதிர்ல உக்காந்திருக்கற பையன் வீட்டுச் சுவத்துல யார் போட்டோவுக்கு மாலை போட்டிருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. ஜான் ஸ்டவ்ரோபௌலோஸ்னு ஒருத்தர் இதுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கார். ஒரு அட்டையில பெருக்கல் குறி போட்டு மேஜை நடுவுல வச்சுடுங்க. யார் அதைத் தொட்டாலும் அந்த சீன் கட். ஏன்னு கேக்கக் கூடாது. ஆட்டம் தொடங்கறப்பவே இதைச் சொல்லிடணும். நாலு நாள் கஷ்டப்பட்டு எழுதின சீனா இருந்தாலும் தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போகணும். அது முடியாதவங்க ஜி.எம். ஸீட்ல உக்கார வேணாம்.

இனி காசு. ஏ-ஃபோரை மடிச்சுப் பதினாறு பக்கப் புக் போட்டா ஜெராக்ஸ் எட்டுப் பக்கம். பக்கம் ஒண்ணரை ரூபாய்னா 12. கலர் அட்டைக்கு 15. படம் வரைஞ்ச கிளாஸ்மேட்டுக்குக் காப்பிக்கு 5. 'ஃப்ரெண்டுதானே மச்சி'ன்னு இதுல மட்டும் கை வைக்காதீங்க, அடுத்த புக்குக்கு ஆள் இருக்க மாட்டான்! ஆக 32. விலை 50 வச்சா கையில நிக்கறது 18. ஸ்டால் ஃபீஸ் 300-ன்னா 17 காப்பி வித்தாத்தான் அசல் வரும். ஆடின 36 பேர்ல பாதி வாங்கணும். கஷ்டம்! அதனால ஸ்டால் கேக்காதீங்க. 'நான்-டெக்னிக்கல் ஈவென்ட் நடத்தித் தர்றோம், ஒரு மேஜையும் ஆறு சேரும் போதும்'னு ஹெச்.ஓ.டி-கிட்ட போங்க. ஒத்துக்கலைன்னா இன்னொரு கேங்கோட ஸ்டாலைப் பங்கு போடுங்க.

மொதல்ல இருபது காப்பி போதும். தீர்ந்தா ஜெராக்ஸ் கடை எங்கேயும் ஓடிடாது. பதினஞ்சாவது நிமிஷம், திரி பத்த வைக்கற இடத்துல ஆட்டத்தை நிறுத்துங்க. ''ஏய், குண்டு எங்கே விழுந்துச்சு?''ன்னு நாலு பேரும் கத்துவாங்க. ''ஹாஸ்டலுக்குப் போய் நீங்களே சுட்டுப் பாருங்க''ன்னு புக்கை நீட்டுங்க. அவங்க எழுதின கேரக்டர் பேப்பரையும் கையோட கொடுத்துடுங்க. ஜிபே ஸ்டிக்கர் மேஜை மேல கண்ணுல படற மாதிரி இருக்கட்டும். பத்து ரூபாய் நோட்டும் ஒரு கட்டு வச்சுக்கங்க. கேம்பஸ்ல டவர் எப்போ போகும்னு யாருக்குத் தெரியும்!