ஹேண்டில்பாரில் தெரியும் வெயில்

கத்திரி வெயில் காலத்தில், பகல் 12 மணிக்கு, மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலையின் ஓரமாகச் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் சின்னக் கருவியைப் பார்ப்பவருக்கு நெஞ்சு பகீரென்று இருக்கும். திரையில் 46, 47 என்று எண் ஏறிக்கொண்டிருக்கும். மறுபடி மிதிக்கத் தொடங்கி ஐந்து நிமிடம் போனால், அதே கருவி நான்கைந்து டிகிரி இறங்கிவிடும். அதே சாலை, அதே வெயில்தான். எண்தான் வேறு.

நின்ற இடத்தில் எடுத்த அந்தப் படம்தான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நம்பினால், சென்னை வட்டாரத்தின் வெயில் சாதனை வாரம் ஒருமுறை முறிந்துகொண்டிருக்க வேண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி செல்சியஸ்தான் இந்த நகரத்தின் உச்சம்.

கருவி பொய் சொல்கிறதா? இல்லை, அது தன் சூட்டைச் சொல்கிறது. சைக்கிள் கம்ப்யூட்டரின் வெப்ப உணரி அந்தக் கறுப்புக் கூட்டுக்குள்ளேயே, பேட்டரிக்கும் திரை விளக்குக்கும் பக்கத்தில் இருக்கிறது. காற்றழுத்தத்தை வைத்து மேடு பள்ளம் கணக்கிடும்போது, சூட்டால் வரும் பிழையைத் திருத்துவது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. நேர் வெயிலில் கூடு காய்ந்து சூடேறுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. கன்டெய்னர் லாரிக்கு வழிவிட்டு நின்றால் மறுபடி ஏறுகிறது. ஏசி அறையிலிருந்து எடுத்து வந்தால் முதல் பத்து நிமிடம் குறைத்துக் காட்டும். மழையில் நனைந்தாலும் அப்படித்தான். காற்றின் வெப்பத்தை ஓரளவு அறிய வேண்டுமென்றால், காற்றோட்டமுள்ள மர நிழலில் கால் மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும்.

வானிலைத் துறை இந்தத் தொல்லையை ஒரு மரப்பெட்டியால் தீர்த்துக்கொண்டது. ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர், நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. வெள்ளைச் சாயம் பூசி, காற்று நுழைய இரட்டைச் சட்டப் பலகை வைத்து, தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், திறந்த வெளியில் நிறுத்துவார்கள். கதவு வடக்கு பார்த்து இருக்கும், திறந்து பார்க்கும்போதும் வெயில் உள்ளே விழக் கூடாது என்பதற்காக. வெயில் சதம் அடித்தது என்று நாளிதழ்கள் எழுதும் அந்த 100 டிகிரி ஃபாரன்ஹீட்டும் நிழலில் அளந்த எண்தான்.

அரசின் கருவியும் தவறும். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. நாடே அதிர்ந்தது. நகரின் மற்ற நிலையங்கள் எதுவும் 50ஐத் தொடவில்லை. வானிலைத் துறை ஆட்களை அனுப்பிச் சோதித்து, அந்த உணரி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. லிபியாவின் அல் அஜீஜியாவில் 1922இல் பதிவான 58 டிகிரி உலகச் சாதனையை, 90 ஆண்டு கழித்து, 2012இல்தான் உலக வானிலை அமைப்பு தள்ளுபடி செய்தது. அங்கே பிழை கருவியைப் படித்தவரிடம்.

ஆகவே ஹேண்டில்பார் எண்ணைக் காற்றின் வெப்பநிலை என்று பரப்புவது தவறு. ஆனால் அதைத் தூக்கி எறிந்துவிடுவதும் தவறு. அத்திப்பட்டில் நிலக்கரி லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவரும், ஷிப்டு முடிந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவரும் ஸ்டீவன்சன் பெட்டிக்குள் நின்று வேலை செய்வதில்லை. மேலிருந்து வெயில், கீழிருந்து தார்ச்சாலையின் அனல், கடலோரம் என்பதால் வியர்வையைக் காயவிடாத ஈரக்காற்று, மூன்றும் அவர்கள் உடம்பில் இறங்குகின்றன. கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாளில் நிலைமை இன்னும் மோசம்.

இதை அளக்கவும் முறை இருக்கிறது. 1950களில் அமெரிக்க மரைன் படை வீரர்களின் பயிற்சி முகாமில் வெயிலால் சுருண்டு விழுந்தவர்களைக் காப்பாற்ற உருவானது அது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடு, வெயிலில் தொங்கும் கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 20, நிழல் வெப்பமானிக்கு 10 என்று சேர்த்துக் கணக்கிட்டு, எவ்வளவு நேரம் வேலை, எவ்வளவு நேரம் ஓய்வு என்று முடிவு செய்வார்கள். ஒரு வகையில், வெயிலில் காயும் அந்தக் கறுப்பு சைக்கிள் கருவி, யாரும் அளவுத்திருத்தம் செய்யாத கறுப்பு உருண்டை.

இரண்டு மூன்று டிகிரிக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலைத் துறைக்கு அது வெப்ப அலை. அதுவும் ஒரு நிலையம் காட்டினால் போதாது; குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் பதிவாக வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல ஆணை. அப்படியென்றால் 36.5க்கும் 37க்கும் இடையிலுள்ள அரை டிகிரிகூட ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தொடுகிற எண் ஆகிவிடுகிறது. அந்த எண்ணை நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் மட்டும் தேடினால் மீஞ்சூர்க்காரருக்கு என்ன பயன்?

இரண்டு அனல் மின் நிலையங்கள், துறைமுகம், இரவு பகலாக ஓடும் கனரக லாரிகள் என்று இவ்வளவையும் சுமக்கும் வட்டாரம் இது. மீஞ்சூரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் முறையாகச் சோதிக்கப்பட்ட நிழல் வெப்பமானியும், பக்கத்திலேயே கறுப்பு உருண்டையும் ஈரத்துணி வெப்பமானியும் வைக்க வேண்டும். மூன்று எண்களையும் ஆலை வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் மணிக்கு ஒருமுறை பலகையில் காட்ட வேண்டும். எந்த எண்ணைத் தாண்டினால் சுமை ஏற்றுவது நிற்க வேண்டும் என்பதைத் தொழிலகப் பாதுகாப்புத் துறை அந்தப் பலகையிலேயே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். அடுத்த கத்திரி தொடங்கும் முன், ஏப்ரல் மாதத்துக்குள் இதைச் செய்ய முடியும்.