தளையும் தொடக்கியும்

மார்பகப் புற்றுநோயைக் குறித்துத் தமிழில் எழுதுவோரிடம் ஒரு வழக்கம் வேரூன்றி நிற்கின்றது. ஏதேனும் ஒரு புரதத்தைச் சுட்டி, 'இதுவே நோயின் வித்து' என்றோ, 'இதுவே நோயைத் தடுக்கும் காவலன்' என்றோ பெயர் சூட்டிவிடுகின்றனர். இவ்வழக்கம் பிழையுடைத்து என்பது எம் கருத்து.

உயிரணுவினுள் புரதம் ஆக்கப்படுமாற்றைச் சிறிது நோக்குவோம். உட்கருவினின்று செய்தி தாங்கி வரும் ஆர்.என்.ஏ. இழையின் தலையில் ஒரு மூடி உண்டு. அம்மூடியைப் பற்றி, புரதம் கோக்கும் ரைபோசோமை அங்கு வரச்செய்வது ஈ.ஐ.எப். 4ஈ என்பது; இதனைத் தொடக்கி என்போம். இத்தொடக்கியைப் பிடித்துவைப்பது 4ஈ-பி.பி. 1 என்னும் புரதம். இதனைத் தளை என்போம். உணவும் பிராணவாயுவும் நிரம்பியிருக்குங்கால் எம்டார் என்னும் நொதி தளையின்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகின்றது. தளை நெகிழ, தொடக்கி விடுதலை பெறுகின்றது.

1990-இல் மான்ட்ரியால் நகரில் சோனென்பர்க் குழுவினர் எலியின் உயிரணுக்களில் இத்தொடக்கியை மிகுவித்தபோது, அவை புற்றணுக்களின் இயல்பை அடைந்தன. மார்பகக் கட்டிகள் பலவற்றிலும் தொடக்கி மிகுந்திருத்தல் பின்னர் அறியப்பட்டது. இவ்வளவோடு நிறுத்தின், தொடக்கி கொடியது, தளை நல்லது என்னும் தீர்ப்பு எளிதே.

நிற்க. 2007-இல் நியூயார்க்குப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இத்தீர்ப்பைக் குலைத்தது. முற்றிய பெரிய மார்பகக் கட்டிகள் பலவற்றில் தளையே மிகுந்து காணப்பட்டது! கட்டி பருக்கப் பருக்க அதன் உட்புறத்தில் பிராணவாயு குன்றுகின்றது. அந்நிலையில் தளை தொடக்கியை இறுகப் பற்ற, மூடிவழி நடக்கும் பொதுவான புரத ஆக்கம் தளர்கின்றது. ஆயின், மூடியை நாடாது இழையின் இடையிலேயே ரைபோசோமை ஏற்கவல்ல செய்திகளும் சில உள. அவை அப்பொழுது மேலோங்குகின்றன, ஈ.ஐ.எப். 4ஜி என்னும் வேறொரு புரதமும் மிகுந்து அவற்றிற்குத் துணைநிற்கின்றது. புதிய குருதிக்குழாய்களைக் கட்டியை நோக்கி முளைக்கச் செய்யும் புரதம் அவ்வழிப் பிறப்பதே. காவலன் எனப்பட்டது பஞ்சகாலத்தில் கட்டியைப் பேணும் களஞ்சியக்காரனாயிற்று. யாப்பிலும் தளை வெறுங்கட்டன்று, சீரைச் சீரோடு இணைத்து நடத்துவதும் அதுவே என்பதைத் தமிழ் மாணவர்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. 'எம்டாரை அடக்கும் மருந்து கண்டனர்' என்னும் தலைப்பைப் படிக்கும் நோயாளி யாது எண்ணுவாள்? அம்மருந்துகளுள் ஒன்றாகிய எவரோலிமஸ், எக்சிமெஸ்டேன் என்னும் மருந்துடன் சேர்த்து வழங்குதற்கு 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஹார்மோன் ஏற்பியுள்ள முற்றிய மார்பகப் புற்றினையுடைய, மாதவிடாய் நின்ற பெண்டிர் 724 பேரிடம் நடந்த சோதனையில், நோய் மேலும் பெருகாது நின்ற நடுவளவுக் காலம் 2.8 மாதத்தினின்று 6.9 மாதமாயிற்று. அது சிறு நன்மையன்று. வாய்ப்புண் முதலிய துன்பங்களும் உடன் வந்தன. ஆயினும் 2014-இல் வாழ்நாளைக் கணக்கிட்டபோது உறுதியான வேறுபாடு புலப்படவில்லை. முன்னதைச் சொல்லிப் பின்னதைச் சொல்லாது விடுபவன் அவளை ஏமாற்றுகின்றான் என்றே யாம் கூறுவோம்.

கட்டியில் ஒரு புரதம் மிகுந்துளது என எழுதுவோர், அதன்மேல் பாஸ்பேட்டு ஏறியுள்ளதா, கட்டியின் அப்பகுதியில் பிராணவாயு எந்நிலையில் உளது என்பவற்றையும் கேட்டறிந்து எழுதுவாராக. அறிய இயலாவிடின், வித்தென்றும் காவலனென்றும் கூறாது, ஆய்வாளர் அளந்த அளவை மட்டும் அச்சிடுக.