முதல்ல கூலன்ட், அப்புறம் அலாய் வீல்

எங்க வீட்டுல ஒரு ஃபோர்டு இகான் இருக்கு. 2003 மாடல், 1.6 பெட்ரோல். அப்பா வாங்கினப்போ எனக்கு ஆறு வயசு. "இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா?"ன்னு சிரிக்கிறவங்க தாராளமா சிரிச்சுக்கலாம். ரெண்டே சீட்டு, கூரை இல்லாத வண்டியெல்லாம் ராஜபாளையத்துக்காரனுக்கு டிவியில மட்டும்தான் ஓடும். 1999-ல இகான் வந்தப்போ "ஜோஷ் மெஷின்"னு சொல்லித்தான் வித்தாங்க. 90 குதிரைசக்திக்கு மேல. தென்காசி ரோட்டுல ரெண்டாவது கியர்ல மிதிச்சுப் பார்த்தவனுக்கு அது ஸ்போர்ட்ஸ் கார்தான், அவ்வளவுதான் மேட்டர் :)

சரி, விஷயத்துக்கு வர்றேன். பழைய வண்டி வச்சிருக்கிற என்னை மாதிரி பசங்க எல்லாரும் ஒரே தப்பைப் பண்றோம். ஒழுகுறதை ஒழுக விட்டுட்டு, பளபளப்பை வாங்கி மாட்டுறோம். நானும் பண்ணினேன். அதனாலதான் இவ்வளவு உறுதியாச் சொல்றேன்.

போன வருஷம் போனஸ் வந்துச்சு. 28,000 ரூபாய்க்கு அலாய் வீல், 9,000 ரூபாய்க்கு உறுமுற சைலன்சர். அந்தச் சமயத்துலயே கூலன்ட் லேசாக் குறைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வாரத்துக்கு அரை லிட்டர் இருக்கும். "ஊத்திக்கிட்டா போச்சு"ன்னு ஒரு கேனை டிக்கியிலயே போட்டு வச்சுட்டேன். நான் பெங்களூருல, வண்டி ஊருல. அப்பாகிட்ட போன்ல, "வாரா வாரம் கொஞ்சம் ஊத்திடுங்கப்பா"ன்னு சொன்னதோட சரி.

ஆபீஸ்ல இதே மாதிரி ஒரு கூத்து நடக்கும். புரோகிராம்ல மெமரி லீக் இருக்கும். அது எங்கேன்னு தேட நேரமில்லாம, தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் தானா ரீஸ்டார்ட் ஆகுற மாதிரி செட் பண்ணி வச்சிருப்பாங்க. அதைப் பார்த்துத் தலையில அடிச்சுக்கிறவன் நான். சொந்தக் கார்ல நான் பண்ணினது என்ன? அதேதான்.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். காலையில போர்ட்டிகோவுல அப்பா சத்தம். எங்க முத்து காருக்கு அடியில தலையை விட்டுத் தரையை நக்கிட்டு இருக்கான். முத்து அசல் ராஜபாளையம் நாய், பாலு மாதிரி வெள்ளை, ரோஸ் கலர் மூக்கு. அந்த மூக்குல பச்சையா ஒரு சொட்டு.

கூலன்ட்ல இருக்கிறது எத்திலீன் கிளைக்கால். நாக்குக்கு இனிக்கும், அதனாலதான் நாய் தேடிப் போய் நக்குது. உடம்புக்குள்ள போனா சிறுநீரகத்தையே நிறுத்திடும், உயிரே போயிடும். நாய்க்கு மட்டுமில்ல, பூனைக்கும் அப்படித்தான், தரையில தவழுற குழந்தைக்கும் அப்படித்தான். இது எனக்கு முன்னாடியே தெரியும்கிறதுதான் கேவலம். கால்நடை டாக்டர்கிட்ட ஓடினோம். நக்கினது ரொம்பக் கொஞ்சம்தான் போல. ரெண்டு நாள் மருந்து, ரத்தப் பரிசோதனைன்னு இருந்து, முத்து பிழைச்சுட்டான். அந்த ரெண்டு ராத்திரி அப்பா திண்ணையில நாய்கூடவே படுத்திருந்தார். என்னைத் திட்டவே இல்லை. மூணாவது நாள் காலையில காபி குடிச்சுக்கிட்டே ஒண்ணே ஒண்ணு சொன்னார்:

"வண்டிக்கு மூச்சு வாங்குதுடா. நீ அதுக்குப் புது ஷூ வாங்கி மாட்டியிருக்க."

அன்னிக்கே வண்டியை எடுத்துட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரேடியேட்டர் கடைக்குப் போனேன். பன்னெண்டு கிலோமீட்டர்தான், ஆனாலும் கண்ணு பூரா டெம்பரேச்சர் முள்ளு மேலதான். கடைக்காரர் அண்ணாச்சி முதல்ல இன்ஜினை ஆற விட்டார். அப்புறம் மூடியைக் கழட்டி, அந்த இடத்துல ஒரு கைப்பம்பை மாட்டி, காத்து அடிச்சுட்டு உட்கார்ந்துட்டார். பத்து நிமிஷத்துல முள்ளு இறங்குச்சு. ரேடியேட்டரோட அலுமினியமும் பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக் டேங்கும் சேர்ற விளிம்புல முத்து முத்தா வேர்வை. இருபது வருஷ வெயிலுக்கும் சூட்டுக்கும் எந்த பிளாஸ்டிக்கும் அப்படித்தான் ஆகும்.

"அந்தக் காலத்துப் பித்தளை ரேடியேட்டர்னா பத்த வச்சுக் கொடுத்துடுவேன் தம்பி. இதைப் பத்த வைக்க முடியாது, மாத்தணும்"னார். மஞ்சள் தூள் போடுற வித்தையைப் பத்திக் கேட்டேன். லாரிக்காரங்க நடுவழியில ரேடியேட்டர்ல மஞ்சள் தூளைக் கொட்டி ஓட்டையை அடைப்பாங்களே, அது. சிரிச்சார். "வீடு போய்ச் சேர அது போதும் தம்பி. ஆனா ஓட்டையை அடைக்கிறது குழாயையும் அடைக்குமில்ல?"

ஏன் இந்தச் சின்ன ஒழுகலுக்கு இவ்வளவு பயம்? குக்கரை நினைச்சுக்குங்க. சாதாரணமா தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். மூடி போட்டு ஒரு பார் அழுத்தம் ஏத்தினா 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்யுது. கிளைக்கால் கலந்தா கொதிநிலை இன்னும் மேல போகும். ஆனா எங்கேயோ ஓட்டை இருந்தா அந்த அழுத்தம் நிக்காது. இன்ஜினுக்குள்ள ஆவி கட்டும், ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். இதுல இன்னொரு கொடுமை, தண்ணி மொத்தமா இறங்கிட்டா சென்சார் நனையாது. முள்ளு நல்ல பிள்ளை மாதிரி கீழேயே நிக்கும், உள்ளே இன்ஜின் வெந்துக்கிட்டு இருக்கும். சூடா இருக்கிறப்போ அந்த மூடியைத் திறந்தா என்ன ஆகும்னு, குக்கர் வெயிட்டை அவசரப்பட்டுத் தூக்கினவங்களைக் கேளுங்க.

மதுரையில இருந்து புது ரேடியேட்டர் வர நாலு நாள் ஆச்சு. கணக்கு இதுதான்: ரேடியேட்டர் 5,200, ரெண்டு ஹோஸ் 1,300, தெர்மோஸ்டாட் 900, மூடி 300, கூலன்ட் 1,200, கூலி 2,000. ஆக மொத்தம் 10,900 ரூபாய். அலாய் வீல் காசுல பாதிகூட இல்லை. கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. போர் தண்ணி கூடவே கூடாது. நம்ம ஊர் போர் தண்ணி வெந்நீர்ப் பாத்திரத்துல வெள்ளையாப் படியுமே, அது ரேடியேட்டருக்குள்ளேயும் படியும்.

"இருபது வயசு வண்டிக்கு இவ்வளவு செலவா, வித்துட்டுப் போயேன்"னு சொல்றவங்க இருக்காங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சுது. இகான் அதுக்குப் பல வருஷம் முன்னாடியே நின்னாச்சு. பார்ட்ஸ் தேடி அலையணும். எஃப்.சி. செலவும் ஏறிக்கிட்டே போகுது. 2023-ல புதுப்பிச்சப்போ கட்டணம் 5,000. 2025 ஆகஸ்ட்ல வந்த விதிப்படி, இருபது வயசு தாண்டின காருக்கு 10,000. ஆனா வச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா ஒழுங்கா வச்சுக்கணும். இல்லையா, கொடுத்துடணும். ஒழுக விட்டு ஓட்டுறது இந்த ரெண்டுலயும் சேராது.

அப்கிரேடே வேண்டாம்னு நான் சொல்லலை. வரிசையைத்தான் சொல்றேன். முதல்ல கூலிங், அப்புறம் பிரேக், அப்புறம் டயரும் ஷாக் அப்சார்பரும். வண்டி ஃபேக்டரியில இருந்து வந்த நாள்ல எப்படி இருந்துச்சோ அந்த நிலைக்குக் கொண்டு வர்றதுதான் பழைய காருக்கு முதல் அப்கிரேட். அதைத் தாண்டி உடம்பையே வெட்டி ஒட்டுற ஆளுங்களுக்கு ஒரு தகவல்: கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு.

வேலை முடிஞ்சு திரும்புறப்போ ஆண்டாள் கோயில் தேரைப் பார்த்தேன். தேரோட்டத்துக்கு முன்னாடி யாராவது முதல்ல சீலையைக் கட்டுவாங்களா? சக்கரத்தையும் அச்சையும்தான் பார்ப்பாங்க. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செஞ்சு கொடுத்தது. அதுதான்யா அப்கிரேட்! சீலையும் தோரணமும் அதுக்கு அப்புறம்தான்.

இப்போ வண்டிக்கு அடியில தரை காய்ஞ்சு கிடக்கு. முத்து அங்கேதான் மத்தியானம் தூங்குறான். சைலன்சரைக் கழட்டிட்டுப் பழையதையே மாட்டிட்டேன், அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கலை.

பி.கு: நாளைக்குக் காலையில வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு கீழே பாருங்க. பச்சையாவோ ரோஸாவோ ஒரு சொட்டு தெரிஞ்சா, அலாய் வீல் கடைக்குப் போன் போடாதீங்க மக்களே.