மேடை கலைந்தாலும்

அரக்கோணம் லோக்கல் ரயில் அம்பத்தூர், ஆவடியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ராப் பாடகர் 'தெருக்குரல்' அறிவு நினைவு வரும். இந்தத் தடத்து ஊர்க்காரர். 2018 ஜனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் கீழ்ப்பாக்கத்தில் மேடையேற்றிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் ஒருவர். கானாவும் பறையும் ராப்பும் சேர்ந்து சாதியைக் கேள்வி கேட்ட குழு அது. பிறகு ஆளுக்கொரு வழி. டென்மா 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கு இசையமைத்தார். குழுவின் பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தார். 2024இல் பழைய ஐயப்பன் பாட்டுக்காக வசவும் வாங்கினார். அறிவோ 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டால் பரவலாக அறியப்பட்டார்.

"முன்னைப்போல ஒன்றாகப் பாடுவதில்லையே" என்று நாம்தான் உச்சுக்கொட்டுகிறோம். எனக்கு அந்த வருத்தமில்லை. பிழைப்பும் திறமையும் ஆளை வெவ்வேறு திசைக்கு இழுக்கத்தான் செய்யும். உறவை அளக்க வேறு படி இருக்கிறது. 2021இல் அறிவு எழுதிய பாடல்களைக் கொண்டாடிய ஓர் இசை இதழின் அட்டையில் அவரே இல்லாதபோது, முதலில் வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர்களில் இரஞ்சித்தும் ஒருவர். கூட்டாளியின் பெயர் விடுபடும்போது வாய் திறக்கிறவர் இருக்கும்வரை, குழு கலைந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.