வாரிசுகளின் வாசலில்

ஹைதராபாத் பழைய நகரத்தில் பிரபுக்களின் தேவடிகள் என்னும் மாளிகைகள் ஒவ்வொன்றாக மறைந்துவரும் இந்நாளில், பிதுரார்ஜித சொத்தை வாங்க விரும்புவோர் வாரிசுதாரர்களை அணுகும் முறையைக் குறித்துப் பேசுவது நம் கடமையாகிறது. உதாரணமாக, ஹைதராபாத் பிரபு மூன்றாம் சாலார் ஜங் 1949 மார்ச்சில் சந்ததியின்றிக் காலமானபோது, அவர் ஆயுள் முழுவதும் சேகரித்த அபூர்வக் கலைப்பொருள்கள் திக்குக்கொன்றாகச் சிதறியிருக்கக்கூடும். ஆயினும் அவை 1951 டிசம்பரில் காட்சிசாலையாகி, வாரிசுகளின் சம்மதத்துடன் 1958இல் நீதிமன்ற சமரசத்தின் மூலம் மத்திய சர்க்காரைச் சேர்ந்து, 1961இல் பாராளுமன்றச் சட்டத்தின் பாதுகாப்பையும் பெற்றன. ஹைதராபாத் மன்னரான நிஜாமின் 173 நகைகளையோ, நெடிய வழக்குகளுக்குப் பின்னரே, 1995இல் சுமார் 218 கோடி ரூபாய்க்கு சர்க்கார் அறங்காவலர்களிடமிருந்து வாங்க நேர்ந்தது. விலை குறைவே என்று மனம் புழுங்கிய வாரிசுகளும் உண்டு.

இன்றோ, துக்கம் ஆறுமுன்னரே தரகர்கள் வாசலேறி, பணமுடையில் தவிக்கும் ஒரு வாரிசைத் தனியே அழைத்து, பிரிக்கப்படாத அவருடைய பாகத்தை மட்டும் எழுதி வாங்கிவிட்டு, ஏனையோரைப் பாகப்பிரிவினை வழக்கில் இழுத்துவிடுகிறார்கள். விதவைகளும் பெண்மக்களும் கேட்கப்படுவதே இல்லை. இது மகா அநியாயம். வாங்குபவர் சொத்தின் நிர்வாகியிடம் எழுத்துமூலம் விண்ணப்பித்து, வாரிசுகள் யாவரையும் ஒருசேரச் சந்தித்து, அவர்கள் தத்தம் வக்கீல்களைக் கலந்துகொள்ள அவகாசமும் அளித்தல் வேண்டும். புராதன மாளிகையாயின், சர்க்காரே முதலில் முன்வந்து நியாயமான விலை பேசட்டும்.