தோலும் வெயிலும் மாத்திரையும்

சென்ற மாதத்தில் ஒரு நாள், உயர்தர வகுப்பிலே இரசாயனவியற் பாடத்தை முடித்துக்கொண்டு நாம் வெளியே வந்தபோது, மாணவன் ஒருவன் நம்மைப் பின்தொடர்ந்து வந்தான். அவன் கையில் ஒரு சிறு புட்டி இருந்தது. கனடாவிலிருக்கும் அவனுடைய மாமா, ஊரிலுள்ள தம் தாயாருக்கு, அதாவது இவனுடைய அம்மம்மாவுக்கு, அனுப்பி வைத்தது. "சேர், இதனை நாள்தோறும் உட்கொண்டால் புற்றுநோய் அணுகாதாமே, உண்மைதானோ?" என்று வினவினான். ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகள் என்று புட்டியின்மேல் பொன்னிற எழுத்திலே பொறிக்கப்பட்டிருந்தது. அம்மம்மாவுக்கு இப்பொழுது இது எதற்கு என்று கேட்டோம். அவருடைய குதிகாலிலே சில மாதங்களாக ஒரு கரிய மறு பரந்து வருகின்றதென்றும், முள்ளுத் தைத்த தழும்பென்றே வீட்டார் எண்ணியிருக்கின்றனரென்றும், எதற்கும் காவலாக இருக்கட்டுமென்று மாமா இதனை அனுப்பினாரென்றும் கூறினான்.

அன்று அவனுக்கு நாம் கூறிய விடை இரண்டே வாக்கியம். அவற்றை இறுதியிலே சொல்வோம். அவ்விடைக்கு ஆதாரமான கதையோ இரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. வாசகர்கள் சிறிது பொறுமையோடு நம்முடன் வருவார்களாக.

தோலிலே தோன்றும் புற்றுநோய் விஞ்ஞானிகளுக்கு நெடுங்காலமாக ஒரு பாடசாலையாக இருந்து வந்திருக்கின்றது. ஈரலிலும் நுரையீரலிலும் நிகழ்வதைக் கண்ணாற் காண்பது அரிது. தோலில் நிகழ்வதை எவரும் காணலாம். 1775 ஆம் ஆண்டிலே பேர்சிவல் பொற் என்னும் இலண்டன் சத்திரவைத்தியர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரின் மறைவிடத் தோலிலே புற்றுநோய் தோன்றுவதை எடுத்துக்காட்டி, உடலில் அப்பிய புகைக்கரியே அதற்குக் காரணமென்றார். 1915 ஆம் ஆண்டிலே யப்பானிய அறிஞர்களாகிய யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதிலே நிலக்கரித் தாரை மாதக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். கரியும் தாரும் தீங்கு செய்வன என்பது இவ்வாறு உறுதியாயிற்று. ஆனால், எங்ஙனம் செய்கின்றன என்பது மட்டும் இருளிலேயே கிடந்தது.

அவ்விருளிலே ஒரு விளக்கை ஏற்றியது, நம்மவர்க்கு நன்கு தெரிந்த ஒரு வித்து என்றால் வியப்பாக இருக்கும். சித்தவைத்தியர்கள் சுத்தி செய்து பேதி மருந்துகளிலே சேர்க்கும் நேர்வாளமே அது. 1940களில் ஒக்சுபோட்டிலே பெரன்பிளம் என்பவரும் அவருடன் உழைத்த சூபிக் என்பவரும், சுண்டெலியின் முதுகிலே புற்றுநோயை விளைக்கும் பொருளொன்றைச் சிற்றளவாக ஒரே முறை பூசினர். அதனால் மட்டும் கட்டி எதுவும் தோன்றவில்லை. பின்னர் அதே இடத்திலே நேர்வாள எண்ணெயைப் பல வாரங்கள் தொடர்ந்து பூசினர். கட்டிகள் எழுந்தன! இரண்டினதும் வரிசையை மாற்றியபோது கட்டி எழவில்லை. முதற்பொருள் விதைத்தது, நேர்வாளம் நீர் பாய்ச்சியது. விதைப்பு வேறு, வளர்ப்பு வேறு என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

விதைப்பு என்பது யாது? நம் உடலின் ஒவ்வொரு கலத்திலும் டீ.என்.ஏ. என்னும் நெடிய மூலக்கூறிலே, நான்கே எழுத்துக்களால், கலத்தின் தொழில்கள் யாவும் எழுதப்பட்டுள்ளன. அவ்வெழுத்து ஒன்று மாறிப்போதலே விதைப்பு. வளர்ப்பு என்பதோ, மாறிய கலம் அடக்கமின்றிப் பெருகுதற்கு ஏற்ற புண்பட்ட, அழற்சியுற்ற சூழலை உண்டாக்குதல். நேர்வாள எண்ணெயிலுள்ள போர்பல் எசுத்தர் என்னும் பொருள் கலங்களைப் பெருகுமாறு தூண்டுவதோடு, வெண்குருதிக் கலங்களையும் உசுப்பிவிடுகின்றது. அவை தீவிரமான ஒட்சிசன் வகைகளை வெளியே கொட்டுகின்றன. இங்கேதான் ஒட்சிசன் நம் கதையினுள் நுழைகின்றது.

ஒட்சிசன் இன்றேல் உயிரில்லை. ஆயினும், அடுக்களையிலே அடுப்பு எரியும்போது பொறிகளும் பறத்தல் போல, கலம் ஒட்சிசனைக் கொண்டு சத்தியைப் பெறும்போது சில ஒட்சிசன் மூலக்கூறுகள் ஓர் இலத்திரனை மிகையாகப் பெற்றுச் சுப்பர் ஒட்சைட்டு என்னும் வடிவை அடைகின்றன. ஐதரசன் பேரொட்சைட்டு முதலியனவும் இதன் வழியாகத் தோன்றுகின்றன. இவை அருகிலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் டீ.என்.ஏ.யையும் தாக்கவல்லன. பொறியை அணைப்பதற்கு உடலிலே காவலர்களும் உளர். 1969 ஆம் ஆண்டிலே மக்கோட், பிரிடோவிச் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் சுப்பர் ஒட்சைட்டை அடக்கும் நொதியத்தைக் கண்டறிந்தனர். பொறிகள் மிகுந்து காவலர் தொகை போதாதபோது உண்டாகும் நிலையையே ஒட்சியேற்றத் தகைப்பு என்பர்.

இனி வெயிலுக்கு வருவோம். சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்கள் இரு வழிகளாலே தோலைத் தாக்குகின்றன. குறுகிய அலையுடையவை டீ.என்.ஏ.யை நேராகவே அடித்து, அடுத்தடுத்துள்ள இரு தைமின் எழுத்துக்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. நீண்ட அலையுடையவை தோலினுள் ஆழமாகச் சென்று, பெரும்பாலும் ஒட்சிசனை ஏவிவிட்டே குறும்பு செய்கின்றன. அப்போது குவானின் என்னும் எழுத்து ஒட்சியேற்றமுற்று, தனக்குரிய சைற்றோசினை விட்டு அடினினோடு இணையத் தலைப்படுகின்றது. படியெடுக்கும்போது பிழை நிலைத்துவிடுகின்றது.

இத்தகைய காயங்கள் நாள்தோறும் நேர்கின்றன. நாள்தோறும் திருத்தவும் படுகின்றன. அத்திருத்தம் இல்லாவிடின் நேர்வது யாது? பிறப்பிலேயே வெயிலைத் தாங்காத ஒருவகைச் சருமநோயுடைய பிள்ளைகளுக்குப் பாலப்பருவத்திலேயே தோற்புற்றுக்கள் தோன்றுவதுண்டு. அவர்களுடைய கலங்களுக்கு டீ.என்.ஏ.யைத் திருத்தும் ஆற்றல் குறைவென்பதை 1968 ஆம் ஆண்டிலே யேம்சு கிளீவர் எடுத்துக்காட்டினார். 1991 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து டக்ளஸ் பிராசும் பிறரும் தோற்புற்று 24ஐ ஆராய்ந்து, அவற்றுள் 14இல் பீ 53 என்னும் காவற் பரம்பரையலகு பழுதுற்றிருப்பதைக் கண்டனர். அப்பழுதுகளிலே கழியூதாக் கதிரின் கையெழுத்தே பதிந்திருந்தது. திருடன் தன் கைரேகையை விட்டுச் சென்றது போலாம்.

அதே ஆராய்ச்சிக் குழுவினர் 2015 ஆம் ஆண்டிலே வேறொரு விந்தையையும் கண்டனர். கதிர் பட்டபின், இருளிலே வைத்த நிறக் கலங்களிலும், மூன்று மணித்தியாலங்களுக்கு மேலாக அந்த ஒட்டுக் காயங்கள் புதிதாகத் தோன்றிக்கொண்டே இருந்தன. கதிரினாலே தோன்றிய சுப்பர் ஒட்சைட்டும் நைத்திரிக் ஒட்சைட்டும் சேர்ந்து மெலனின் நிறப்பொருளைக் கிளர்ச்சியுறச் செய்ய, மெலனின் அச்சத்தியை டீ.என்.ஏ.க்குக் கையளித்துவிடுகின்றது. வெயிலைத் தடுக்கும் குடையாக நாம் போற்றும் மெலனினே ஒரு வேளை ஓட்டைக் குடையும் ஆகின்றது. கரிய தோலுடையோர்க்குத் தோற்புற்று மிகக் குறைவு என்பது உண்மையே; மெலனின் பெருங்காவல் என்பதும் உண்மையே. குறைவு என்பது இல்லை என்பதன்று.

இவ்வளவும் கேட்ட எவரும், "அப்படியாயின் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் மாத்திரையை விழுங்கினால் நோய் ஒழியுமன்றோ?" என்றே கேட்பர். விஞ்ஞானிகளும் அவ்வாறே எண்ணினர். ஆயின், எண்ணியதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தனர். அமெரிக்காவிலே, முன்னரே தோற்புற்று வந்த 1805 பேரைக்கொண்டு ஐந்தாண்டுகள் நடத்திய சோதனையின் முடிவு 1990 ஆம் ஆண்டிலே வெளிவந்தது. கரட்டுக்கு நிறந்தரும் பீற்றா கரோட்டினை நாள்தோறும் உட்கொண்டவர்களுக்கும் வெறும் மாத்திரை உண்டவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அவுஸ்திரேலியாவின் நம்போர் என்னும் ஊரிலே 1992 முதல் 1996 வரை நிகழ்ந்த சோதனையிலும் பீற்றா கரோட்டின் பயனளிக்கவில்லை. வெயில் தடுப்புக் களிம்பை நாள்தோறும் பூசியவர்களிடத்திலோ, செதிட்கலப் புற்று என்னும் வகை ஏறத்தாழ நூற்றுக்கு 40 குறைந்தது. பிரான்சிலே பல உயிர்ச்சத்துக்களைக் கலந்த வில்லைகளை ஏழாண்டுக்கு மேலாக உட்கொண்ட பெண்களிடையே, தோற்புற்று குறையாததோடு கூடவும் செய்தது.

ஏன் இவ்வாறு? 2015 ஆம் ஆண்டிலே வந்த இரு ஆராய்ச்சிகள் விடை பகர்கின்றன. நிறக் கலத்திலே எழும் மெலனோமா என்னும் கொடிய புற்று, பிறந்த இடத்தை விட்டுக் குருதியிலே பரவும்போது, அக்கலங்கள் கடுமையான ஒட்சியேற்றத் தகைப்புக்கு ஆளாகிப் பெரும்பாலும் மடிந்துபோகின்றன. அமெரிக்காவின் டலஸ் நகரத்திலே சோன் மொரிசன் குழுவினர் இதனைச் சுண்டெலிகளிற் கண்டனர். அவ்வெலிகளுக்கு ஒட்சியேற்றத் தடுப்பு மருந்தைக் கொடுத்தபோது புற்று அதிகமாகப் பரவியது. சுவீடன் நாட்டுக் குழுவினர் நடத்திய சோதனையிலும், அத்தகைய மருந்தருந்திய எலிகளின் நிணநீர்க் கணுக்களிலே பரவிய கட்டிகள் இரு மடங்காயின. மருந்துக்கு நல்ல கலம், தீய கலம் என்ற பேதம் தெரியாது. பொறியை அணைக்கும் நீர், வீட்டையும் காக்கும். வீட்டினுள் ஒளிந்திருக்கும் கள்வனையும் காக்கும். பாம்புக்குப் பால் வார்த்தல் என்பது இதுவே. எலிக்கு நிகழ்ந்தது மனிதனுக்கும் அப்படியே நிகழுமென்று நாம் துணியவில்லை. ஆனால், நோயுள்ளதோ இல்லையோ என்று அறியாமல் மாத்திரையை விழுங்குவது காவலாகாது என்பதற்கு இதுவே போதும்.

மாத்திரை யாவும் பயனற்றவை என்றும் நாம் கூறவில்லை. முன்னரே தோற்புற்றுக்கள் வந்த 386 பேருக்கு நிக்கொற்றினமைட்டு என்னும் உயிர்ச்சத்தை ஓராண்டு கொடுத்தபோது, புதிய தோற்புற்றுக்கள் நூற்றுக்கு 23 குறைந்தனவென்று அவுஸ்திரேலிய வைத்தியர்கள் 2015 ஆம் ஆண்டிலே அறிவித்தனர். அது மெலனோமாவைப் பற்றிய சோதனையன்று. மருந்தை நிறுத்தியதும் பயனும் நின்றது. அம்மருந்து, டீ.என்.ஏ.யைத் திருத்துதற்கு வேண்டிய சத்தியைக் கலத்துக்கு ஊட்டுவதாலே பயன்படுகின்றது என்பது அறிஞர் கருத்து. பொறியை அணைப்பதிலும், பழுதைத் திருத்துவோனுக்குச் சோறிடுவது மேலாயிற்றுப் போலும். அதுவும் வைத்தியர் ஆராய்ந்து, வேண்டியவருக்கு மட்டும் கொடுக்க வேண்டியதே.

கீரையும் கனியும் உண்பதை இக்கட்டுரை தடுக்கவில்லை, தாராளமாக உண்க. நண்பகல் வெயிலிலே நிற்பவர் குடையோ தொப்பியோ நீண்ட கைச்சட்டையோ கொள்க. நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்று முன்னோர் கூறியதை, ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி மூலக்கூறுவரை சென்று மெய்ப்பித்திருக்கின்றது.

இன்னுமொன்றை இல்லத்தார் யாவரும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கரிய தோலுடையோர்க்கு மெலனோமா வருமாயின், வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் கீழுமே அது பெரும்பாலும் தோன்றும். ஜமெய்க்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லிக்கு 1977 ஆம் ஆண்டிலே கால்விரல் நகத்தின் கீழ்க் கண்டது அதுவே. 1981 ஆம் ஆண்டிலே, 36 வயதில், அவர் மறைந்தார். பரந்து வரும் மறுவும், நிறம் மாறும் மச்சமும், ஆறாத புண்ணும், பழைய தீக்காயத் தழும்பிலே புதிதாக எழும் புண்ணும் வைத்தியரின் கண்ணுக்கு உரியவை. முளையிலே கண்டு வெட்டியெடுத்தால் பெரும்பாலானோர் பிழைப்பர்.

இனி, அம்மாணவனுக்கு நாம் கூறிய இரு வாக்கியங்கள்: "புட்டியை மூடி வை. அம்மம்மாவை நாளைக்கே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போ."

சென்ற கிழமை அவன் மீண்டும் வந்தான். வைத்தியசாலையிலே மறுவிலிருந்து சிறு துண்டொன்றை வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கின்றனராம். முடிவு இன்னும் வரவில்லை. அது வெறும் முள்ளுத் தழும்பாகவே இருக்கட்டும் என்பதே நம் பிரார்த்தனை. எவ்வாறாயினும், உண்மை எதுவென்று அறியும் வழியிலே அவர் கால் வைத்துவிட்டார். அந்த மட்டில் நமக்கு ஆறுதலே.